முதல் கை

ஜூன் 3, செவ்வாய்

உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக டிவிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்தது. இன்று இதை எடுத்ததற்குக் காரணம், எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு வந்திருக்கும் புது நிலைய அலுவலர். பெயர் பெனிட்டா. வயது இருபத்தொன்பது. நான் வேலைக்குச் சேர்ந்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. கணக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள்.

மேலிடத்து உத்தரவை வாசித்தார். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ஜூலை பதினைந்தாம் தேதி உடல் தகுதித் தேர்வு. தேறாதவர்கள் மாவட்டக் கன்ட்ரோல் ரூமுக்குப் போய் போன் எடுக்க வேண்டும். அதுவரை தினமும் பயிற்சி செய்து, நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். எங்கள் நிலையத்தில் நாற்பத்தைந்து தாண்டியவன் நான் ஒருவன்தான். கோமதிநாயகம், முன்னணித் தீயணைப்போர், வயது ஐம்பத்துமூன்று. உத்தரவை எல்லோருக்கும் பொதுவாக வாசித்தார், கண் மட்டும் என் தொப்பையில் இருந்தது.

மேடத்திடம் காட்டுகிற நோட்டில் ‘ஓடினேன், தண்டால் எடுத்தேன்’ என்று எழுதுவேன். உண்மை எல்லாம் இதில்.

ஜூன் 4, புதன்

வகுப்பு எடுத்தார். ஹோஸ் காயப்போடுகிற கோபுரத்தின் நிழலில் கரும்பலகையைச் சாத்தி, உடல் தகுதிக்குப் பத்துக் கூறுகள் என்று எழுதினார். நெஞ்சுத் தாங்குதிறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், வளைந்து கொடுப்பது, உடம்பில் கொழுப்பின் அளவு. அது உடம்பு நலத்துக்கு. வேலைத் திறமைக்கு வேகம், சட்டென்று திரும்புவது, சமநிலை, கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்வது, எதிர்வினை நேரம். இருபத்தொன்பது வருஷமாக நான் இந்தப் பத்தும் இல்லாமலா தீ அணைத்தேன்?

“வலிமை வேற, தாங்குதிறன் வேற. ஒரு வாளித் தண்ணியை ஒரு தடவை தூக்குறது வலிமை. தூக்குன வாளியைக் கீழே வைக்காம நிக்கிறது தாங்குதிறன்” என்றார்.

“வாளியைத் தூக்கிட்டு எவன் மேடம் நிப்பான்? கொண்டுபோயி தீயில ஊத்த மாட்டானா?” என்றேன்.

டிரைவர் ஐகோர்ட்துரை சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து வந்து என் இடுப்பை அளந்தார். நூற்று நான்கு சென்டிமீட்டர். பேன்ட் சைஸ் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

ஜூன் 7, சனி

இன்று பத்தையும் சோதித்தார்கள்.

காலை நீட்டி உட்கார்ந்து விரலைத் தொட வேண்டுமாம். அரை அடி எட்டவில்லை. என் கால் விரல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றேன். நாலு விநாடி. துரை பக்கத்தில் செருமினான், அதனால் சாய்ந்துவிட்டேன். எதிர்வினை நேரத்துக்கு மேடம் ஒரு ஸ்கேலை என் விரல்களுக்கு நடுவே விட்டார். மூன்று தடவையும் தரையில் விழுந்தது. தீப்பிடித்த வீட்டில் எவனும் ஸ்கேல் விட்டு விளையாடுவதில்லை.

கடைசியாகக் கம்பியில் தொங்கல். எனக்குப் பதினொரு விநாடி. கம்பியில் புதுப் பெயின்ட், வழுக்குகிறது. அதே கம்பியில் மாசானம் ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி தொங்கினான். மாசானமுத்து எட்டு வருஷமாக என்னோடு வண்டி ஏறுகிறவன். கயிறுகளைக் காயப்போட்டு, சுருட்டி, பாதுகாக்கிற பொறுப்பு அவனுடையது. இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டபோது மேடம் அவன் வலது உள்ளங்கையைப் பார்த்துவிட்டார். குறுக்கே ஒரு பெருவிரல் அகலத்துக்குத் தழும்பு.

“இது எப்படி?”

அவன் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். “போன செப்டம்பர்ல கிணத்துல சிவனணைஞ்சான்னு ஒரு ஆளைத் தூக்கும்போது மேடம். கயிறு ஈரமா இருந்துது, வழுக்கிட்டு.”

“ஈரக் கயிறா?” என்று கேட்டார்.

ஈரம் என்றால் என்ன என்று படித்தவர்களுக்கு விளக்கவேண்டியிருக்கிறது. மாசானம் கையை மடக்கிப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

ஜூன் 11, புதன்

ஓட்டம் ஆரம்பம். இரண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை, இப்படி ஆறு தடவை. நெஞ்சுத் தாங்குதிறன் வளருமாம். எனக்கு வளர்ந்தது தாகம் மட்டும்.

சிவனணைந்தான் வீட்டுத் தெரு வழியாகப் போனால் தூரம் சரியாக இருக்கும். அந்தத் தெருவில் நாய்த் தொல்லை. பைபாஸைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பிடி இறுகுவதற்கு நனைத்த போர்வையைப் பிழியச் சொல்லியிருக்கிறார் மேடம். ஆவுடைக்குக் கொண்டாட்டம். “உங்க மேடம் நல்லாயிருக்கணும்” என்று வீட்டிலிருக்கிற போர்வை, ஜமுக்காளம், மெத்தை உறை எல்லாவற்றையும் நனைத்துப் போட்டுவிட்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மதியம் ஒரு கால், அதாவது உதவிக்கு அழைப்பு. கழிவறையில் பாம்பு. சாரைதான். பாம்பு பிடிக்கப் பத்துக் கூறும் வேண்டாம், ஒரு சாக்குப் போதும்.

ஜூன் 16, திங்கள்

மாப்பிள்ளையைத் தூக்கினேன்.

மாப்பிள்ளை என்பது மணல் அடைத்த கான்வாஸ் பொம்மை. அறுபது கிலோ. ஒரு வேலையும் செய்யாது, எல்லோரும் தூக்கிச் சுமக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். தேர்வில் முக்கியமானது இதுதான். கோபுரத்தின் உச்சியில் இருக்கிற உருளை வழியாகக் கயிறு போட்டு, மாப்பிள்ளையைப் பத்தடி உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு நிமிஷம் தனியாகப் பிடித்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கிணற்றில் ஆளைத் தூக்கும்போது நாலு பேர் வரிசையாகக் கயிறு பிடிப்போம். விளிம்பில் நிற்பவன் முதல் கை. சீனியர்தான் நிற்பான், அது எங்கள் வழக்கம். அவன் “இழு” என்றால் எல்லோரும் இழுக்க வேண்டும். “பிடி” என்றால் பின்னால் இருப்பவர்கள் கையை முன்னே மாற்றிப் பிடிப்பார்கள். அவர்கள் மாற்றுகிற அந்த மூன்று நான்கு விநாடி முழுப் பாரமும் முதல் கையில்தான். பதினாலு வருஷமாக இந்த நிலையத்தில் நான்தான் முதல் கை.

போன செப்டம்பரில் சிவனணைந்தான் தன் கிணற்றுக்குள் விழுந்தபோதும் நான்தான். முக்கால் கிணறு தூக்கியாகிவிட்டது. “பிடி” என்றேன். ஈரக் கயிறு வழுக்கியது. இரண்டாவதாக நின்ற மாசானம் பாய்ந்து பிடித்ததால் ஆள் எட்டடி கீழே படிக்கட்டில் விழுந்ததோடு போயிற்று, தொடை எலும்பு முறிந்தது. அறிக்கையில் கயிறு ஈரம் என்று எழுதிக் கொடுத்தேன். கயிறு காயப்போடுகிறவன் மாசானம், அதனால் மெமோ அவனுக்கு வந்தது, பதவி உயர்வும் தள்ளிப்போனது. அதற்கு நான் என்ன செய்ய?

இன்று மாப்பிள்ளையை ஏழு விநாடி பிடித்தேன். வெயிலில் கயிறு விறைத்துப் போயிருந்தது. தொம்மென்று விழுந்தது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். துரை மட்டும் இல்லாத தூசியை வண்டியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 17, செவ்வாய்

தோள் வலி. ஓடவில்லை. நோட்டில் ஓடினதாக எழுதினேன்.

ஜூன் 23, திங்கள்

ஒரு நிமிஷம்! முழுசாக ஒரு நிமிஷம் மாப்பிள்ளையைப் பிடித்தேன். இன்னும் பிடித்திருப்பேன், மேடம் போதும் என்றார். ஒரே வாரம்! உடம்பில் சரக்கு இருக்கிறது, ஆட்டி எழுப்பினால் போதும் என்று நான் சொன்னபோது எவனாவது கேட்டானா?

மாசானம்தான் முதலில் கை தட்டினான். பயலுக்குப் பொறாமை கிடையாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். புத்தியும் கிடையாது என்பது வேறு விஷயம்.

மேடம் மட்டும் கம்பியில் தொங்கச் சொல்லிப் பார்த்தார். பதினெட்டு விநாடி. “தொங்கல் பதினெட்டு, மாப்பிள்ளை அறுபதா?” என்று நெற்றியைச் சுருக்கினார். கம்பியில் என் எடை எண்பத்தாறு கிலோ தொங்குகிறது, கயிற்றில் அறுபது. கணக்குத் தெரியாமல் அதிகாரியாகிவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

ஆவுடை வளர்க்கிற இரண்டு மாட்டுக்கும் தீவன மூட்டை வந்தது. ஐம்பது கிலோ என்று போட்டிருந்தது. அறுபது கிலோவை ஆகாயத்தில் நிறுத்துகிறவனுக்கு ஐம்பது எம்மாத்திரம்? வண்டிக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டிப்பிடித்தேன். தூக்கினேன். முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. கீழே விட்டேன்.

“ஐம்பதா இது? எண்பதுக்குக் குறையாது. கடைக்காரனுக்கு எடை போடத் தெரியல” என்றேன்.

“கூடப் போட்டு விக்கிற கடைக்காரனை நான் இப்பத்தான் கேள்விப்படுதேன். அவன் கடை எங்க இருக்குன்னு சொல்லுங்க, மாசாமாசம் வாங்குவோம்” என்றாள் ஆவுடை.

வண்டிக்காரர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டார். மூட்டை தூக்கியே பழகிய உடம்பு, அவர் கதை வேறு.

ஜூன் 28, சனி

சட்டையெல்லாம் மரத்தூள் என்று ஆவுடை கேட்டாள். “மர மில்லுக்கா வேலைக்குப் போறீய?” மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் பயிற்சியில் உண்டு. எங்கேயோ ஒட்டியிருக்கும். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள்.

ஜூலை 2, புதன்

தண்டால் இருபத்திரண்டு. கண் மூடி ஒற்றைக் காலில் பத்தொன்பது விநாடி. கால் விரல் இன்னும் நாலு விரற்கடை தூரத்தில். இடுப்பு தொண்ணூற்று ஒன்பது. மாப்பிள்ளை ஒரு நிமிஷம் இருபது விநாடி.

டீ குடிக்கும்போது புதுப் பையன்களிடம் சொன்னேன். “போன வருசம் கயிறு மட்டும் காஞ்சிருந்தா சிவனணைஞ்சான் இன்னைக்குக் கம்பு ஊணாம நடப்பான். வேலையைச் சுத்தமாச் செய்யணும்ல. என்ன மாசானம்?”

மாசானம் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தான். “ஆமா அண்ணாச்சி” என்றான்.

கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினான்.

ஜூலை 6, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் கால். தோட்டக் கிணற்றில் மோட்டார் பழுது பார்க்க இறங்கிய மெக்கானிக் திட்டிலிருந்து சறுக்கி விழுந்திருக்கிறார். தலையில் அடி, உள்ளே பாதி மயக்கம். நல்ல கனத்த ஆள். மேடம் வேறொரு விபத்துக்குப் போயிருந்ததால் பொறுப்பு என்னுடையது.

இறங்குவது மாசானம். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு விளிம்பில் ஒரு காலை வைத்தான். நான் முதல் கை பிடித்தேன். எத்தனை நாளைக்கு அப்புறம்! கை சும்மா துறுதுறுவென்று இருந்தது. சுற்றிலும் ஊரே நின்றது, மெக்கானிக்கின் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மாசானம் இறங்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னல பாக்க? இறங்கு.”

“அண்ணாச்சி, நீங்க கடைசிக்குப் போங்க. துரை முதல் கை பிடிக்கட்டும்.”

“டிரைவர் பிடிக்கவா? நான் எதுக்கு இருக்கேன்? ஒரு நிமிசம் இருபது விநாடி பிடிச்சவன்ல!”

“அண்ணாச்சி, தயவுசெஞ்சு போங்க.”

“ஏன்னு சொல்லுல!”

அவன் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த நேரமில்லை. “மாப்பிள்ளையில முப்பத்தஞ்சு கிலோதான் இருக்கு. மணலை எடுத்துட்டு மரத்தூள் போட்டது நான்தான். உள்ள கிடக்கிற ஆளு தொண்ணூறு கிலோ இருப்பாரு.”

துரை வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கினான். நான் கொடுத்தேன் என்று எழுத முடியாது, அவன்தான் வாங்கினான். நான் கடைசிக்குப் போனேன். வரிசையின் கடைசியில் நின்றால் கிணறு தெரியாது, முன்னால் நிற்பவனின் முதுகு மட்டும்தான் தெரியும். “இழு” என்று துரை சொன்னபோது இழுத்தேன். “பிடி” என்று சொன்னபோது பிடித்தேன். மெக்கானிக் பிழைத்துவிட்டார்.

ஜூலை 7, திங்கள்

ஒன்றுமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஆவுடை கேட்டாள். “இப்பவாவது உள்ளதைச் சொல்லவேண்டியதுதானே” என்றாள். எதை என்று கேட்டேன். போர்வையை என் கையில் கொடுத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜூலை 9, புதன்

மாசானத்தை ஹோஸ் அறைக்குக் கூப்பிட்டேன். ஏசுவதற்காகத்தான் கூப்பிட்டேன்.

“யார்ல உன்கிட்டே கேட்டா? எனக்குப் பிச்சை போடுதியா? என்னை நம்ப வச்சு, ஊரு முன்னாடி நிக்க வச்சு...”

“தேர்வு வரைக்கும்னுதான் நினைச்சேன் அண்ணாச்சி. நிஜ கால் வந்தா உங்களை முதல் கை பிடிக்க விட மாட்டோம், அது நாங்க பாத்துக்கிடுவோம்.”

“பாத்துக்கிடுவோமா? எந்த நாங்க?”

அவன் கீழே கிடந்த ஹோஸைச் சுருட்டப் போனான். அப்போதுதான் உறைத்தது. பத்து மாதமாக ஒவ்வொரு அழைப்பிலும் “அண்ணாச்சி, நீங்க விடுங்க” என்று எவனாவது ஓடி வந்து என் கையிலிருந்து கனமானதை வாங்கிக்கொண்டிருக்கிறான். ஹோஸை வாங்கினார்கள், ஏணியை வாங்கினார்கள், ஸ்ட்ரெச்சரை வாங்கினார்கள். மரியாதை தெரிந்த பையன்கள் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்தேன். என்னவொரு மடையன் நான்!

“உன் மெமோவுக்குக் காரணமானவனுக்கு நீ ஏன்ல இதைச் செய்யணும்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே தெரிந்தது.

அவன் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. “உங்களுக்கு இன்னும் ஏழு வருசம் இருக்கு. சேர்ல உக்காந்து போன் எடுத்தீயன்னா ஏழு மாசத்துல செத்துருவீய அண்ணாச்சி. வேற ஒண்ணுமில்ல.”

இரண்டு பேரும் சேர்ந்து மாப்பிள்ளையின் வயிற்றைப் பிரித்து மரத்தூளைக் கொட்டினோம். மணல் அள்ளிப் போட்டோம். தராசில் வைத்து அறுபது வரும்வரை போட்டோம். தைக்கிறது மட்டும் அவன், எனக்கு ஊசி பிடிக்க வராது.

ஜூலை 11, வெள்ளி

சிவனணைந்தான் வீட்டுத் தெரு வழியாக ஓடினேன். அவர் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார், கம்பு பக்கத்தில் சாய்ந்திருந்தது. “என்ன நாயகம், ஓட்டமெல்லாம் பலமா இருக்கு?” என்று சிரித்தார். நான் நிற்கவில்லை.

தெருவில் நாய் ஒன்றுகூட இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

தேர்வு. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி ஸ்டாப்வாட்சோடு வந்தார். மேடம் அவரைத் தராசைப் பார்க்கச் சொன்னார். அறுபது கிலோ இருநூறு கிராம்.

ஓட்டம் தேர்ச்சி. தண்டால் தேர்ச்சி. சமநிலை தேர்ச்சி. கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓடுவதில் ஒரு கூம்பைத் தட்டிவிட்டேன், மன்னித்தார்கள். ஸ்கேலை இரண்டாவது தடவையே பிடித்துவிட்டேன். கால் விரலைத் தொட்டேன், இருபது வருஷத்துக்கு அப்புறம் சந்திக்கிறோம்.

பிறகு மாப்பிள்ளை. இருபது விநாடிவரை ஒன்றும் தெரியவில்லை. முப்பதில் முன்கை எரிந்தது. முப்பத்தைந்தில் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. தூக்கிவிட்டேன், வலிமை இருக்கிறது. தூக்கியதை வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மேடம் கரும்பலகையில் எழுதியதைக் கேலி செய்தேனே, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிவனணைந்தான் விழுந்தார். அன்று கிணற்று விளிம்பிலும் விரல்கள் இதே மாதிரிதான் திறந்தன, ஒவ்வொன்றாக, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

நாற்பத்தோராவது விநாடியில் மாப்பிள்ளை விழுந்தது.

“ஏழுலருந்து நாப்பத்தொண்ணு. நல்ல முன்னேற்றம் சார். மூணு மாசம் கழிச்சு மறுதேர்வுக்கு நான் எழுதுறேன்” என்றார் மேடம். முன்னேற்றமாம். நாற்பத்தோராவது விநாடியில் கிணற்றுக்குள் விழுந்தவனிடம் போய்ச் சொல்லட்டும்.

ஆனாலும் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எழுதி வைக்கிறேன், உண்மை எல்லாம் இதில் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

காலையில் மேடத்தின் மேசையில் ஒரு தாளை வைத்தேன். அதன் நகல்:

‘சென்ற செப்டம்பர் மாதக் கிணற்று மீட்பில் கயிறு ஈரமாக இருந்ததாக நான் கொடுத்த அறிக்கை பொய். தீயணைப்போர் மாசானமுத்து அந்தக் கயிற்றை முந்தின நாளே வெயிலில் காயப்போட்டுச் சுருட்டி வைத்திருந்தார். மற்றவர்கள் கை மாற்றும் நேரத்தில் பிடித்திருக்க முடியாமல் விட்டது நான். அவருக்குக் கொடுத்த மெமோவை ரத்துசெய்து, நடவடிக்கையை என்மீது எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

மேடம் இரண்டு தடவை வாசித்தார். “இதை அனுப்பினா மறுதேர்வு எல்லாம் கிடையாது சார். விசாரணைதான். யோசிச்சுக் கொடுக்கிறீங்களா?”

“பத்து மாசமா யோசிச்சாச்சு மேடம்.”

“சரி. கயிறு காஞ்சிருந்ததுக்கு ஆதாரம் கேட்பாங்க. இருக்கா?”

மாசானத்தைக் கூப்பிட்டேன். வந்தான். மேசைமேல் இருந்த தாளைப் பார்த்ததும் “எதுக்கு அண்ணாச்சி இப்ப?” என்றான். அவன் வலது கையை நானே பிடித்து விரித்துக் காட்டினேன்.

“ஈரக் கயிறு வழுக்கும் மேடம், இப்படிச் சுடாது. காஞ்ச கயிறு ஓடுனாத்தான் தோலு இந்த மாதிரி உரியும். இதுதான் ஆதாரம்.”

மேடம் தலையை ஆட்டினார். அவருக்கு அது புதிய செய்தி இல்லை, முதல் வாரமே ‘ஈரக் கயிறா?’ என்று கேட்டவர்தான். நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் துரை நின்றான், அவனுக்குப் பின்னால் புதுப் பையன்கள் இரண்டு பேரும் நின்றார்கள். ஒருத்தன் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. கயிறு பிடிக்கிற எவனுக்கும் தெரிந்த விஷயம்தானே. பத்து மாதமாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.